முருங்கை மரத்து வல்லூறு

வல்லூறு இன்னும் வரவில்லை. மணி ஏழு ஐந்து. நேற்று ஏழேகாலுக்கு வந்து முருங்கையின் இரண்டாம் கிளையில் உட்கார்ந்தது, முந்தாநாளும் அதே ஏழேகால், தபால் வண்டிகூட இத்தனை ஒழுங்காக வந்து நான் பார்த்ததில்லை, முப்பத்தாறு வருஷம் அந்த வண்டிக்குக் காத்திருந்தவள் சொல்கிறேன். துவைக்கிற கல் பனியில் நனைந்திருக்கிறது. சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தும் சில்லிப்பு ஏறுகிறது. தை பிறந்து பத்து நாளாகியும் பனி விடுகிறதாக இல்லை. கேமராவும் பயிற்சி நோட்டும் மடியில். கண்ணாடியைத் துடைத்தாயிற்று, பாட்டரி பார்த்தாயிற்று, வெளிச்சம் மட்டும்தான் பாக்கி. வேப்பமரத்துக்குப் பின்னால் வெயில் வந்துகொண்டிருக்கிறது, மதிலைத் தாண்டி முருங்கையில் விழ இன்னும் பத்து நிமிஷம் ஆகும். ஒன்பதரைக்குக் கார் வரும். பதினோரு மணிக்குக் கும்பகோணத்தில் டாக்டர். அதற்குள் அவருக்கு முகம் துடைத்து, சட்டை மாற்றி, இரண்டு இட்லியாவது உள்ளே தள்ளி, ஃபைலை எடுத்து, மாத்திரைச் சீட்டை எடுத்து, எல்லாம் ஆக வேண்டும், நான் இங்கே கொல்லையில் வல்லூறுக்குக் காத்திருக்கிறேன். பைத்தியக்காரி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் படத்தை இன்னொரு தடவை, இன்னும் தெளிவாக எடுத்து, அவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். வல்லூறு என்று சொல்லிவிட்டார் என்றால் நேற்றுச் சொன்னது ஏதோ வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை. வாய் தவறுவது எல்லாருக்கும் உண்டு.

நேற்று சாயங்காலம் நடந்தது இவ்வளவுதான். விளக்கேற்றிவிட்டு, வழக்கம்போல அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேமராவின் பின்பக்கத் திரையில் அன்றைக்கு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மைனா என்றார். காக்கா என்றார். அடுத்தது இது. சாம்பல் முதுகு, நெஞ்சில் செங்கல் நிறத்தில் குறுக்குக் கோடுகள், பட்டை பட்டையாக நீள வால், கண்ணைச் சுற்றி மஞ்சள், பார்த்தாலே கோழிக்குஞ்சைத் தூக்க வந்த முகம். திரையைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்து ‘அக்கா’ என்றார். திரையைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சரி, ஏதோ உளறல் என்று விட்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்து, நேராக. “அக்கா இல்லைங்க, வல்லூறு” என்றேன். ‘அக்கா.’ “நான் அக்கா இல்லைங்க. நல்லாப் பாருங்க.” நல்லாத்தான் பார்த்தார். இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கி அடித்து மறுபடியும் ‘அக்கா’ என்றார். நான் விடுகிறவளா, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி என் வாயை அவர் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய், “வல்... லூ... று...” என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் தோசையைத் தொடவில்லை, படுக்கும்போதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே ‘வல்லூறு’ என்று எழுதிப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன். ராத்திரி ஓசூரிலிருந்து மகள் பேசியபோது சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். “அம்மா, நாளைக்கு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடு” என்றாள் தாமரை. நான் எதை மறைத்தேன்? மறைத்திருக்கிறேன்தான், சுகர் மாத்திரையை அவர் இரண்டு நாள் துப்பியதை மறைத்தேன், அது வேறு.

ஐந்து மாதமாகிறது. ஆவணியில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவர் வேட்டியைக் கட்டத் தெரியாமல் நின்றார். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. பேச்சுதான் எங்கேயோ சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் ரிஸ்வானா வருகிறாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், நல்ல பொறுமை. முதல் வாரம் அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள். ஆப்பிள், சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் வரப்பு வரப்பாக நடந்த மனுஷனிடம் ஒட்டகச்சிவிங்கியைக் காட்டினால் அவர் என்ன செய்வார், ஒரே தட்டில் எல்லா அட்டைகளையும் தரையில் தள்ளினார். “சாருக்கு என்ன மேடம் புடிக்கும்?” என்று பொறுக்கிக்கொண்டே கேட்டாள். வயல் பிடிக்கும், வயலில் பறவை வந்து உட்கார்ந்தால் பிடிக்கும். நெல்வயல் நடுவே குச்சி நட்டு வைக்கச் சொல்வார், கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவைத் தின்னும், மருந்து அடிக்க வேண்டாம் என்பார், குடியானவர்கள் சிரித்துக்கொண்டே நட்டு வைப்பார்கள். வயலுக்கு இவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பறவை நம் கொல்லைக்கே வருகிறதே என்று எனக்குத் தோன்றியது. தாமரை எப்போதோ வாங்கிப் பரணில் போட்டிருந்த கேமராவை எடுத்தேன். முதல் ஒரு வாரம் வாழை இலையும் என் கட்டைவிரலும்தான் விழுந்தன. அப்புறம் காக்கை விழுந்தது. அதைக் காட்டியபோது, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, வாய் கோணிக்கொண்டு, ‘கா’ என்றார். நான் அடுப்பங்கரைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். காக்கையைப் பார்த்து அழுத பெண்பிள்ளை இந்த மாயவரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிலிருந்து தினம் காலையில் எடுப்பது, சாயங்காலம் காட்டுவது. பெயர் நீளமாக இருந்தால் முழுசும் வராது அவருக்கு, முன்பாதிதான் வரும். செம்போத்தைக் காட்டினால் ‘செம்’ என்பார். மீன்கொத்தி ‘மீன்’. கொண்டைக்குருவி ‘கொண்டை’. பின்பாதியை நான் சொல்லி முடிப்பேன். அதுவே போதும், முன்பாதி சொன்னால் டிக் போட்டுவிடுங்கள் என்றாள் ரிஸ்வானா. பாதி விலாசம் இருந்தாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும், அது எனக்குத் தெரியும். ‘மாயவரம், மணிக்கூண்டு பக்கம், கண்ணாடி போட்ட சுப்பையா’ என்று வந்த கடிதத்தைக்கூட நான் கொண்டு சேர்க்க வைத்திருக்கிறேன். விலாசம் புரியாதது எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். திலகவதி மேடத்துக்குப் படிக்க முடியாத கையெழுத்து கிடையாது என்று போஸ்ட்மாஸ்டர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அணில் இரண்டு முருங்கையில் ஏறுகின்றன. அப்படியென்றால் வல்லூறு பக்கத்தில் இல்லை. தவிட்டுக்குருவிகள் ஏழு, எட்டு, மாதுளைச் செடிக்கு அடியில் சருகைப் புரட்டிக்கொண்டு ஒரே சண்டை, கூட்டுக் குடும்பம். மதிலுக்கு மேலே புவனாவின் தலை தெரிகிறது, பல் தேய்த்துக்கொண்டே வருகிறாள். “அக்கா, இன்னைக்கும் படம் புடிக்கிறீங்களா? அந்த முருங்கைய ஏதாச்சும் பண்ணுங்கக்கா. கம்பளிப்பூச்சி மதில் ஏறி எங்க பக்கம் வந்துடுது. நேத்து சின்னவன் முதுகெல்லாம் தடிச்சுப்போச்சு.” பார்க்கிறேன் புவனா, சாயங்காலம் பந்தம் கட்டிக் கொளுத்தச் சொல்றேன். “சார் எப்டி இருக்காருக்கா? பேசறாரா?” பேசறார். பேசறார் என்று சொல்லிவிட்டு நான் கேமராவைக் குனிந்து பார்க்கிறேன். போய்விட்டாள். எத்தனை அக்கா சொல்லிவிட்டாள் பாருங்கள். புவனாவுக்கு நான் அக்கா, கீரைக்காரருக்கு அக்கா, பால்காரருக்கு அக்கா, கார் ஓட்டி வரப்போகிற பிள்ளைக்கும் அக்கா. தெருவே சொல்கிறது, ஒரு மனுஷன் மிச்சம் இருந்தார், அவரும் சொல்லிவிட்டார். சிரிப்பாகத்தான் இருக்கிறது, சிரிக்க முடியவில்லை. யார் என்று தெரியாமல் போனால்கூடப் பரவாயில்லை, நோய், யார் என்ன செய்ய முடியும். ஆனால் சௌந்தரம் அண்ணி என்றா நினைத்துக்கொள்வது? அவருக்கு இருந்த ஒரே அக்கா அவர்தான். போய் மூன்று வருஷம் ஆகிறது. செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது, சொல்லவில்லை, ஆனால் கல்யாணமாகி வந்த மறுநாள் என் ரசத்தில் ஒரு வாய் வைத்துவிட்டு, “வெந்நி நல்லா கொதிச்சிருக்கு” என்று சொன்ன அந்த மகராசியின் முகத்தை என் முகத்தில் ஒருத்தர் பார்க்கிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும். அண்ணியின் மூக்கு ஒரு மாதிரி இருக்கும். என் மூக்கு அப்படி இல்லை. நேற்று ராத்திரி, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, குளியலறைக் கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். இல்லவே இல்லை.

டாக்டர் கேட்பார். ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். “ஆள் அடையாளமெல்லாம் தெரியுதாம்மா?” தெரியுது சார் என்று யோசிக்காமலே சொல்லியிருக்கிறேன். “அதுல மாறுதல் வந்தா உடனே சொல்லணும், திரும்ப ஸ்கேன் பாக்கணும்” என்றும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். இன்றைக்கு நான் என்ன சொல்வது. ஐப்பசியில் போனபோது என்னை அவர் எதிரில் நிற்க வைத்து, “சார், இவங்க யாரு? இவங்க பேர் என்ன?” என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை. டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதப் போனார், நான் பதறிப்போய், “எம் பேரை அவர் சொல்ல மாட்டார் சார்” என்றேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “சொல்ல மாட்டாரா, சொல்ல முடியலையா?” என்றார். முப்பத்து மூன்று வருஷத்தில் என் பெயரை அவர் சொல்லிக் கேட்டதில்லை. ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறார், நில வரித் துண்டில் எழுதியிருக்கிறார், வாயால் கிடையாது. நான் மட்டும் என்ன, ஒரு நாளைக்கு நூறு பெயரை வாய்விட்டுப் படித்துத் தள்ளியவள், ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் நோயாளி பெயர் கேட்டபோது ராமாமிர்தம் என்று காகிதத்தில் எழுதி நீட்டினேன். அந்தப் பெண் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு கையால் சைகை காட்டி உட்காரச் சொன்னாள். வீட்டில் பெரியவர்கள் இரண்டே பேர், ஒருத்தர் வாயைத் திறந்தால் மற்றவருக்குத்தான் என்பது தெரியாதா, பெயர் எதற்கு. அப்படித்தான் ஓடியது. இப்போது அவராக என்னைக் கூப்பிடுவது என்பதே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் நாற்காலிக் கையை இரண்டு தட்டுத் தட்டுவார், நான் போவேன். வேலைக்காரி வைத்திருந்தாலும் அந்தத் தட்டுக்கு அவள் போவாள், நர்ஸ் இருந்தால் நர்ஸ் போவாள். ஆக, அவருக்கு என்னைத் தெரிகிறது என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? நான் ஊட்டினால் சாப்பிடுகிறார். நான் துடைத்தால் கையைத் தூக்குகிறார். யார் செய்தாலும் தூக்குவாரோ என்னவோ. என்னை யாரென்றே தெரியாத ஒருத்தருக்கா நான் ஐந்து மாதமாகச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன்? அப்படி இருந்தாலும் மாற்றத்தான் போகிறேன். அது வேறு. ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

அதோ, தவிட்டுக்குருவிகள் கத்துகின்றன. அணில்கள் தலைகீழாக இறங்கி ஓடுகின்றன. வந்துவிட்டது. தாழ்வாகப் பறந்து வந்து, மேலே ஏறி, அதே இரண்டாம் கிளை. வாலைப் பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டிக்கொண்டு நின்றது. மணி ஏழு பதினெட்டு, மூன்று நிமிஷம் தாமதம். வெயிலும் சரியாக அங்கே விழுகிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள், முழங்கையை முட்டியில் ஊன்று, பட்டனை மெல்ல அமுக்கு. ஒன்று. இரண்டு. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன் ராசா. திரும்பியது. மூன்று. குருவிகள் மரத்தடியில் கூடி வசை பாடுகின்றன, வல்லூறு அவற்றைச் சட்டை செய்யவே இல்லை. குஞ்சைத் தூக்க வந்ததாகவும் தெரியவில்லை. அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும் இடத்துக்கு இறங்கி வந்தது. ஒன்றைக் கொத்தியது. கிளையில் இப்படியும் அப்படியும் இழுத்துத் தேய்த்தது, சப்பாத்திக் கட்டையை உருட்டுகிற மாதிரி. விழுங்கியது. இன்னொன்று. அதையும் தேய்த்தது, விழுங்கியது. நாலு, ஐந்து. என்ன வல்லூறு இது, கண்ணெதிரே அணில் ஓடுகிறது, ஓணான் மதிலில் உட்கார்ந்து தலையாட்டுகிறது, இது புழுப் பொறுக்கிக்கொண்டிருக்கிறதே. ஏழையாகிவிட்டதோ. தொட்டால் உடம்பெல்லாம் தடிக்கிற அந்தப் பூச்சியைக் காக்கைகூட வாயில் வைக்காது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன். திரை முழுக்கத் தலை. மூக்கு வல்லூறு மூக்கு இல்லை. வல்லூறுக்குக் காய் பறிக்கிற அலக்குக் கொக்கி மாதிரி வளைந்து கீழே இறங்கும், என் பறவைப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இது நேராக, நுனியில் மட்டும் கொஞ்சம் சாய்ந்து, சாதுவாக இருக்கிறது. இந்த மூக்கை நான் பார்த்திருக்கிறேன். வேப்பமரத்தில், கறுப்பாக, சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருக்குமே, அதன் மூக்கு. “குயில் மூக்கு” என்று வாய்விட்டுச் சொன்னேன். குயில். சொன்ன வாயை மூட முடியவில்லை. அவர் நேற்று முன்பாதியைச் சொன்னார். பின்பாதியை நான் இப்போது சொல்லிவிட்டேன். அக்கா, குயில். அக்காக்குயில். பங்குனி சித்திரையில் வெயில் ஏற ஏற, அக்கா, அக்கா என்று தொண்டை கிழியக் கத்துமே, மேலே மேலே ஏறிக்கொண்டே போகுமே, இதே வேப்பமரத்திலிருந்துதான் கத்தும், சனியன் மத்தியானம் கண்ணசர விடாது என்று நானே திட்டியிருக்கிறேன். குரலைக் கேட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. தையில் அது வாயைத் திறப்பதில்லை, வாயைத் திறக்காததை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் கண்டுபிடித்தாரே. ஒரு தடவை பார்த்தார், சொன்னார். நான் வல்... லூ... று... என்று பாடம் நடத்தினேன்.

சந்தோஷமா, வெட்கமா, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பாவி, என் முகத்தை அவர் ஏன் பார்த்தார் என்று இப்போதல்லவா புரிகிறது, சரியாகச் சொன்னேனா என்று பார்த்திருக்கிறார், மற்ற நாளெல்லாம் பின்பாதியை நான் சொல்லி முடிப்பேனே, அதற்காகப் பார்த்திருக்கிறார். என் புத்தகத்தில் நாற்பது பறவைகள். எது வந்தாலும் அந்த நாற்பதில் எது என்றுதான் தேடினேன். கடிதம் பிரிக்கிற அலமாரியில் ஊருக்கு ஒரு அறை இருக்கும், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அறை இல்லாத ஊரின் கடிதத்தைப் பெயரில் கிட்டே வருகிற ஊரின் அறையில் திணித்துவிடுவார்கள், அதற்காக நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், கடைசியில் அதே காரியத்தை நானே செய்து உட்கார்ந்திருக்கிறேன். சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. பயிற்சி நோட்டு மடியில்தான் இருக்கிறது. பெருக்கல் குறிகள் எத்தனை. மார்கழி நாலாம் தேதி, ‘புள்ளிக் குருவி’, பெருக்கல். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவை, பெயர் தெரியாமல் நானாக வைத்த பெயர் அது. அன்றைக்கு அவர் குயில் என்று முழு வார்த்தையாகச் சொன்னார், முழு வார்த்தை, நான் “குயில் கறுப்புங்க, இது புள்ளி” என்று திருத்தினேன். கேமராவில் பின்னால் தள்ளிக்கொண்டே போய் அந்தப் படத்தை எடுத்தேன். பெரிதாக்கினேன். அதே மூக்கு, அதே சிவந்த கண். பெண் குயில். ஆணும் பெண்ணும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம். இப்படி இன்னும் எத்தனை இருக்கிறதோ. “சாருக்கு முன்னேற்றம் கொஞ்சம் மெதுவா இருக்கு மேடம்” என்று ரிஸ்வானா இந்த நோட்டைப் பார்த்துத்தான் போன வாரம் சொன்னாள், டாக்டருக்கும் இதைத்தான் காட்டச் சொன்னாள். என் அறிவீனத்தைக் கூட்டிப் போட்டு அவருக்கு மார்க் குறைத்து வைத்திருக்கிறேன். தெரிந்த மனுஷனைத் தெரியாத பொம்பளை தப்பு தப்பு என்றால் அவர் நாற்காலியை அடிக்காமல் என்ன செய்வார், நானாக இருந்தால் கேமராவையே பிடுங்கி அடித்திருப்பேன். பறவை இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கிறது, தின்னட்டும், புவனாவிடம் பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எழுந்துவிட்டேன். புடவை பின்னால் ஈரம். கொல்லைப் படியேறும்போது, இன்னொரு நினைப்பு என்னைப் பிடித்து நிறுத்தியது. பறவையைத் தெரிகிறது, சரி. என்னை அக்கா என்று சொல்லவில்லை, அதுவும் சரி. அதனால் என்னைத் தெரிகிறது என்று ஆகிவிடுமா? ஒருத்தருக்கு நான் இன்னார் இல்லை என்று தெரிந்துவிட்டால், நான் இன்னார் என்று தெரிந்ததாகுமா? இந்தக் கேள்வியை யார் கண்டுபிடித்தது. பேசாமல் போய் அவரிடம் மன்னிப்புக் கேள், முதலில் அது.

அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார், மப்ளர் ஒரு பக்கம் நழுவியிருந்தது. சரி செய்தேன். என்னைப் பார்க்கவில்லை, நேற்றைய கோபம் அப்படியே இருக்கிறது. கோபம் ஞாபகம் இருந்தால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்து, புதுப் படத்தைத் திரையில் வைத்து, கேமராவை அவர் மடியில் வைத்தேன். “நீங்க சொன்னதுதாங்க சரி. அக்காக்குயில். நான்தான் வல்லூறுன்னு... எனக்கு என்ன தெரியும்?” இடது கையால் கேமராவைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அலகில் தொங்கும் கம்பளிப்பூச்சியை ஒரு விரலால் தொட்டார். வாயின் இடது பக்கம் மட்டும் மேலே போயிற்று, சிரிப்பு பாதிதான் வரும் இப்போது. அந்தப் பாதி சிரிப்பில் முழுக் கேலி இருந்தது. நான் நோட்டைத் திறந்து, அவர் பார்க்கும்படியாகவே, வல்லூறு என்பதை அடித்துவிட்டு மேலே அக்காக்குயில் என்று எழுதி, பெருக்கலின் மேலேயே பெரிதாக ஒரு டிக் போட்டேன். மார்கழி நாலையும் திருத்தினேன். “இன்னும் எதெல்லாம் நான் தப்பாப் போட்டிருக்கேனோ, சாயங்காலம் உக்காந்து ஒண்ணொண்ணாப் பாப்பம். நீங்களே மார்க் போடுங்க.” அவர் நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கேட்டுவிடலாமா என்று இருந்தது. நான் யாருன்னு தெரியுதாங்க. மூன்றே வார்த்தை, நாக்கு நுனியில் நிற்கிறது. டாக்டர் கேட்டால் பரீட்சை, நான் கேட்டால் அது வேறு, அவர் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாரென்றால் அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் கும்பகோணம் வரைக்கும் காரில் போக வேண்டும். வேண்டாம். மணி ஏழு நாற்பது. இட்லிக்கு வைக்க வேண்டும், வெந்நீர் போட வேண்டும். டாக்டர் கேட்டால் தெரியலை சார் என்று சொல்லிவிடுவது, தெரிகிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியலை சார், அதுதான் உண்மை, எழுதிக்கொள்ளட்டும். முக்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். இட்லிப் பானையை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, தட்டில் துணியைப் போட்டேன். மாவை ஒரு கரண்டி எடுத்திருப்பேன்.

“இந்தா.”

கேமராவைத் திருப்பித் தருகிறார் போல என்று கரண்டியை வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தபடி போனேன். கையை நீட்டினேன். கேமரா அவர் மடியில் கிடந்தது. இடது கை நாற்காலிக் கையில் சும்மா இருந்தது, தட்டவும் இல்லை, எதையும் எடுத்து நீட்டவும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை நேரமா வருவதற்கு என்கிற மாதிரி. முப்பத்து மூன்று வருஷமாக, கொல்லையிலிருந்தும் வாசலிலிருந்தும் குளியலறையிலிருந்தும், துண்டுக்கும் காபிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும், அவர் என்னைக் கூப்பிட்ட பெயர் அது ஒன்றுதான். வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. கண் நிறைந்து அவர் முகம் மங்கிப்போயிற்று. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

“என்னங்க?” என்றேன்.